பழைய டேபை மாற்றும் முன்: பேக்கப் எடுப்பது எப்படி, சிம் மாடல் யாருக்குத் தேவை

டேப் மெதுவாகிவிட்டது, பாதி ஆப்கள் அப்டேட் ஆக மறுக்கின்றன, சார்ஜ் அரை நாள்கூட நிற்பதில்லை. இந்த நிலைக்கு வந்ததும் பெரும்பாலோர் நேராகப் புது மாடல் விலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். பழையதில் இருப்பதைப் பத்திரமாக வெளியே எடுப்பதுதான் முதல் வேலை. சிம் போடும் மாடலா, வைஃபை மட்டும் போதுமா என்பதை அதற்கப்புறம் நிதானமாக யோசிக்கலாம். பெங்களூரில் சொந்தக்காரர்கள் பலருக்கு இந்த வேலையை நான்தான் செய்து கொடுக்கிறேன். எல்லா வீட்டிலும் அவசரம் புது டேப் மேல்தான் இருக்கிறது, பழையதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

எதைக் காப்பாற்ற வேண்டும் என்று முதலில் பாருங்கள். அல்சூரில் இருக்கும் என் சித்தியின் ஐபேட் ஏர் 2-ஐ எடுத்துக்கொள்வோம். 2014-இல் வந்த மாடல், ஐபேட்ஓஎஸ் 15-ஓடு அதன் அப்டேட் நின்றுவிட்டது. யூடியூப், நெட்ஃப்ளிக்ஸ், வாட்ஸ்அப்பில் வந்த குட்மார்னிங் படங்கள், இவையெல்லாம் போனாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் வாய்ஸ் மெமோஸைத் திறந்தால் அவருடைய பாட்டு வகுப்புப் பதிவுகள் வரிசையாக இருக்கின்றன. இடத்தின் பெயரை அந்த ஆப்பே போட்டுக்கொள்வதால் அல்சூர், அல்சூர் 2, அல்சூர் 3 என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எது தோடி, எது கல்யாணி என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். குருவின் குரல் வேறு எங்கேயும் இல்லை, அந்த ஒரு கருவியில்தான் இருக்கிறது. உங்கள் டேபிலும் இப்படி ஏதாவது இருக்கும்: குழந்தை வரைந்த ஓவியங்கள், பென்சிலால் குறிப்பு எழுதிய பிடிஎஃப், "ஆன் மை ஐபேட்" என்ற பிரிவுக்குள் கிடக்கும் நோட்ஸ். அதைத்தான் முதலில் தேட வேண்டும். மறுபடி டவுன்லோட் செய்துகொள்ளக்கூடிய எதற்கும் இவ்வளவு கவலை வேண்டாம்.

தொடங்குவதற்கு முன் டேபை மேஜைமேல் படுக்க வைத்து ஓரமாகப் பாருங்கள். திரை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தாலோ, பின்பக்கம் உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சார்ஜில் போடாதீர்கள், அழுத்திச் சரிசெய்யவும் முயலாதீர்கள். நல்ல டெக்னீஷியனிடம் காட்டிய பிறகுதான் மற்றதெல்லாம். வீக்கம் இல்லை, ஆனால் முப்பது சதவீதம் காட்டும்போதே திடீரென்று அணைந்துவிடுகிறது என்றால் அது வெறும் வயதான பேட்டரி. சார்ஜரிலேயே வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிடலாம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பேட்டரி மாற்றித் தரும் கடைகள் நிறைய இருக்கின்றன, ஆனால் எந்தக் கடையில் கொடுப்பதாக இருந்தாலும் பேக்கப் எடுத்த பிறகு கொடுங்கள். ரிப்பேருக்குப் போன கருவி ரீசெட் ஆகித் திரும்பி வருவது சர்வசாதாரணம்.

ஐபேட் என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ஐகிளவுட், அதாவது ஆப்பிளின் இணையச் சேமிப்பு. செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தட்டி, ஐகிளவுட், ஐகிளவுட் பேக்கப், "பேக்கப் நவ்". இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி என்பதால் பெரும்பாலும் இடம் போதவில்லை என்று நின்றுவிடும். இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. ஐபேட்ஓஎஸ் 15 முதல் செட்டிங்ஸ், ஜெனரல், "டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட்" என்று போனால் புது ஐபேடுக்குத் தயாராகும் வசதி ஒன்று உண்டு. அதில் தொடங்கினால், உங்கள் கணக்கில் இடம் இல்லாவிட்டாலும், முழு பேக்கப்பையும் தற்காலிகமாக 21 நாள் வரை ஆப்பிள் இலவசமாக வைத்திருக்கும். அதனால் புதியது கையில் வரப்போகிற சமயம் பார்த்து எடுங்கள், சும்மா இப்போதே எடுத்து வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து வாங்கினால் பிரயோஜனமில்லை. நாள் தள்ளிப்போகும் என்றால் ஒரு மாதத்துக்குக் கூடுதல் ஸ்டோரேஜ் காசு கொடுத்து வாங்கிவிடுங்கள், சிறிய தொகைதான்.

இன்னொரு வழி கம்ப்யூட்டர். எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் பேக்கப் நம் வீட்டிலேயே இருக்கும். மேக்கில் ஃபைண்டர், விண்டோஸில் ஐட்யூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் ஆப். கேபிளைச் செருகி "என்கிரிப்ட்" (பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுவது) என்ற பெட்டியில் டிக் போடுங்கள். அது இல்லாமல் எடுத்தால் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் வைஃபை விவரங்களும் வராது. ஆனால் அங்கே கொடுக்கும் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதை மறந்துவிட்டால் அந்த பேக்கப்பை யாராலும் திறக்க முடியாது, ஆப்பிளாலும் முடியாது.

ஒரு விஷயத்தில் நிறைய பேர் ஏமாந்து போகிறார்கள். ஐகிளவுட் ஃபோட்டோஸ் ஆன் செய்திருந்தால் படங்கள் பேக்கப் ஆகிவிட்டன என்று நினைக்கிறார்கள். அது பேக்கப் இல்லை, எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி வைத்திருக்கும் சிங்க். டேபில் ஒரு படத்தை அழித்தால் போனிலும் அது போய்விடும், "ரீசன்ட்லி டெலீட்டட்" பகுதியில் 30 நாள் இருக்கும், அப்புறம் அதுவும் இல்லை. இடம் பண்ணுவதற்காகப் பழைய டேபில் படங்களை அழிக்கும்போது இதை மனதில் வையுங்கள். முக்கியமான படங்களின் இன்னொரு பிரதி ஹார்ட் டிஸ்கிலோ பென்டிரைவிலோ இருக்கட்டும். ஐபேட்ஓஎஸ் 13 முதல் ஃபைல்ஸ் ஆப்பே பென்டிரைவைப் படிக்கும். லைட்னிங் போர்ட் உள்ள பழைய மாடலுக்கு மட்டும் அடாப்டர் வேண்டும், அதிலும் சார்ஜர் செருகும் வசதி உள்ளதை வாங்குங்கள், இல்லையென்றால் பவர் போதவில்லை என்று டேப் முரண்டு பிடிக்கும். வாய்ஸ் மெமோக்களையும் இப்படியே ஒவ்வொன்றாக ஷேர் செய்து ஃபைல்ஸில் சேமித்து, பென்டிரைவுக்கு மாற்றலாம். மாற்றும்போதே ராகத்தின் பெயரையும் கொடுத்துவிட்டால் நல்லது. சித்தி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, பெயர் மாற்றிக்கொண்டே போகலாம்.

ஆண்ட்ராய்டு டேபில் கதை வேறு. செட்டிங்ஸில் கூகுள், பேக்கப் என்று இருப்பது ஆப் பட்டியல், செட்டிங்ஸ் போன்றவற்றைத்தான் எடுக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் பிடிஎஃப்பையோ, ரெக்கார்டரில் பதிவு செய்த ஆடியோவையோ எடுக்கும் என்று நம்ப முடியாது. கூகுள் ஃபோட்டோஸும் கேமராவில் எடுத்ததை மட்டும்தான் தானாக ஏற்றும், வாட்ஸ்அப் படங்கள், ஸ்கிரீன்ஷாட் போன்ற ஃபோல்டர்களை நாம்தான் தனித்தனியாக ஆன் செய்ய வேண்டும். ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் 15 ஜிபி என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அதோடு, கருவியை 57 நாள் தொடாமல் விட்டால் அந்த பேக்கப்பைக் கூகுள் அழித்துவிடும். டேபைப் பீரோவில் வைத்துவிட்டு "கூகுளில்தான் இருக்கிறதே" என்று நிம்மதியாக இருக்க முடியாது. எனவே கேபிள் போட்டு லேப்டாப்பில் இணைத்து, டேபில் வரும் அறிவிப்பில் "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்பதைத் தேர்ந்து, ஃபோல்டர்களை அப்படியே காப்பி செய்யுங்கள். மெமரி கார்டு போட்டிருந்தால் அதையும் திறந்து பாருங்கள். சாம்சங்கிலிருந்து சாம்சங்குக்கு மாறுகிறவர்களுக்கு ஸ்மார்ட் ஸ்விட்ச் ஆப் போதும், நன்றாகவே வேலை செய்கிறது.

எடுத்த பிறகு சரிபார்க்க வேண்டும், இதைத்தான் யாரும் செய்வதில்லை. பேக்கப் முடிந்த தேதியும் நேரமும் இன்றையதுதானா என்று பாருங்கள். பென்டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள், ஆடியோ என்றால் கடைசிவரை ஓடுகிறதா என்று நகர்த்திக் கேளுங்கள். பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமில்லாத ஃபைல்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது சிம் விஷயத்துக்கு வருவோம்.

முதலில், பழைய டேபிலேயே சிம் ஸ்லாட் இருக்கிறதே, ஒரு சிம் போட்டு ஓட்டிவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: அது 4ஜி மாடலா என்று பாருங்கள். 3ஜி மட்டும் உள்ள டேபில் ஜியோ வேலையே செய்யாது, ஏனென்றால் 2016-இல் தொடங்கியதிலிருந்தே ஜியோ 3ஜி வைத்துக்கொள்ளவில்லை. ஏர்டெல்லும் தன் 3ஜியை மூடிவிட்டது. அப்படிப்பட்ட டேபில் சிம் போட்டால் 2ஜி வேகத்தில் ஒரு பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும்.

புதிதாக வாங்கும்போது ஐபேடில் வைஃபை மாடலுக்கும் சிம் மாடலுக்கும் பொதுவாக 15,000 ரூபாய் வித்தியாசம். 2025-இல் வந்த ஏ16 ஐபேட் வைஃபை மட்டும் 34,900, செல்லுலார் (சிம் மாடல்) 49,900 என்றுதான் அறிமுகமானது. அதற்கு மேல் மாதாமாதம் ரீசார்ஜ் வேறு. தினம் 1.5 ஜிபி தரும் சாதாரண பிளானே 28 நாளுக்கு 300 ரூபாயைச் சுற்றி வருகிறது. போஸ்ட்பெய்டு குடும்ப பிளான் வைத்திருக்கிறவர்கள் கூடுதல் சிம்மாகச் சேர்த்தால் குறைவாக முடியும், அதை முதலில் விசாரியுங்கள்.

இவ்வளவு காசு யாருக்கு நியாயம்? என் கருத்தில் ஒரே ஒரு கேள்விதான் முக்கியம். டேபும் ஸ்மார்ட்போனும் எப்போதும் ஒரே ஆளிடம் இருக்குமா? இருக்கும் என்றால் போனின் நெட்டை டேபுக்குப் பகிரும் ஹாட்ஸ்பாட் போதும், வைஃபை மாடலை வாங்குங்கள். ஒயிட்ஃபீல்டு வரை மெட்ரோவில் போகும்போது டேபில் படிக்கிறவர், லால்பாக் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகும்போது படம் பார்க்கிறவர், இவர்களுக்கெல்லாம் போன் கையிலேயே இருக்கிறது. தவிர, ரயிலில் டவர் கிடைக்காத இடத்தில் உங்கள் போனுக்குக் கிடைக்காதது டேபுக்கும் கிடைக்காது, 15,000 அதிகம் கொடுத்ததற்காக டவர் முளைக்காது. கிளம்பும் முன்பே டவுன்லோட் செய்து வைப்பதுதான் வழி.

போன் ஒருவரிடம், டேப் இன்னொருவரிடம் என்றால் கதை மாறுகிறது. ஊருக்கும் பெங்களூருக்குமாகப் போய்வரும் அம்மா அப்பா, அவர்களிடம் இருப்பது பட்டன் போன், ஊர் வீட்டில் வைஃபை கிடையாது, பேரனை வீடியோவில் பார்க்க வேண்டும். அவர்களிடம் போய் ஹாட்ஸ்பாட், பாஸ்வேர்டு என்று பாடம் நடத்தாதீர்கள். திறந்தால் நெட் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே சிம் மாடல் கொடுத்த காசுக்கு முழுக்க உழைக்கும். வேலையாக ஊர் சுற்றி, டேபிலேயே பில் போடுகிறவர்களுக்கும் இதே பதில். போனை ஹாட்ஸ்பாட்டாக ஓட்டினால் மத்தியானத்துக்குள் அதன் சார்ஜ் தீர்ந்துவிடும்.

கரண்ட் போனால் வைஃபை போகிறது, அதனால் சிம் மாடல் வேண்டும் என்று பெங்களூரில் பலர் சொல்கிறார்கள். அதற்கு ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டுங்கள், சிம் மாடலுக்குக் கொடுக்கும் கூடுதல் தொகையில் சொற்பம்தான் ஆகும், வீட்டில் எல்லோருடைய நெட்டும் ஓடும்.

ஜிபிஎஸ் தேவை என்றால் மட்டும் கவனம். வைஃபை ஐபேடில் ஜிபிஎஸ் சிப் கிடையாது, செல்லுலாரில்தான் உண்டு. காரில் மேப் பார்க்க டேபைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். சாம்சங்கின் பல வைஃபை டேப்களில் ஜிபிஎஸ் இருக்கிறது, வாங்கும் மாடலின் விவரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அதேபோல, சிம் போட்ட ஐபேடிலிருந்து சாதாரண போன் கால் பேச முடியாது, பேங்க் ஓடிபி அதற்கு வரும் என்று நம்பி அந்த நம்பரை எங்கேயும் பதியாதீர்கள். சாம்சங்கில் சில எல்டிஇ (4ஜி சிம்) டேப்களில் கால் வசதி உண்டு. இன்னொன்று, அண்மையில் வந்த செல்லுலார் ஐபேட்களில் சிம் செருகும் இடமே இல்லை, கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். பில் போடும் முன் உங்கள் நெட்வொர்க் கடைக்குப் போய், டேபுக்கு இ-சிம் தருவார்களா, எந்த பிளானில் தருவார்கள் என்று மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

புதியதை வாங்கியதும் முதலில் அதை அப்டேட் செய்துவிட்டு பேக்கப்பை ரீஸ்டோர் போடுங்கள். பழையதை அன்றைக்கே யாருக்கும் தூக்கிக் கொடுக்க வேண்டாம், இரண்டு வாரமாவது வீட்டில் இருக்கட்டும், எதுவோ வரவில்லை என்று அப்போதுதான் தெரியவரும். எல்லாம் வந்துவிட்டது என்று உறுதியான பிறகு, ஐபேடில் தொலைந்த கருவியைத் தேடும் "ஃபைண்ட் மை"யை அணைத்து ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கை நீக்கி, அதற்குப் பிறகு ரீசெட் செய்யுங்கள். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால் வாங்கியவரிடம் போய் லாக் ஆகி நிற்கக்கூடும். யாருக்கும் உபயோகப்படாத நிலையில் இருந்தால் குப்பை வண்டியில் போடாமல் மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள், பேட்டரி உள்ள பொருள், நசுங்கினால் தீப்பிடிக்கும்.