கதவில் கீறல், கார்டில் பாக்கி: கையில் இருக்கும் பணம் எதற்கு?

தூத்துக்குடியில் எங்கள் தெரு ரொம்பக் குறுகல். பொங்கலுக்கு மறுநாள் ஆல்ட்டோவை ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூண் இடது பக்கக் கதவு இரண்டையும் உரசிவிட்டது. பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்க 14,000 ரூபாய் கேட்டார்கள். கிரெடிட் கார்டில் 42,000 பாக்கி. கையில் இருந்தது 15,000. "சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு இந்தக் கீறலோடயா போறது?" என்றாள் மனைவி. அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

முதலில் காரைப் பாருங்கள். கீறலின் மேல் நகத்தை ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் பாலிஷ் போதும். நகம் மாட்டினால் ஆழம் அதிகம். உள்ளே தகரம் தெரிந்தால் அதை வெறும் அழகு விஷயமாக நினைக்காதீர்கள். எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு அந்த இடம் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அந்தப் பயம் இல்லை. கதவு சரியாக மூடாவிட்டாலோ, விளக்கு உடைந்திருந்தாலோ, டயர் உரசினாலோ கடன் காத்திருக்கட்டும். அதை உடனே சரிசெய்யுங்கள்.

எனக்குப் பின்கதவில் மட்டும் விரல் நீளத்துக்குத் தகரம் தெரிந்தது. கழுவி, நன்றாகக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் பூசி, மேலே டச்சப் பெயிண்ட் வைத்தேன். 600 ரூபாயில் முடிந்தது. கிட்டப் போனால் திட்டு தெரியும், துரு வராது.

அப்புறம் கடனுக்கு வந்தேன். என் கார்டுக்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி. 42,000-க்கு 1,470 ரூபாய். வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 1,735. அந்த 14,000-ஐக் கார்டில் கட்டினால் மாதம் 578 ரூபாய் மிச்சம். கீறல் மாதாமாதம் எதுவும் கேட்பதில்லை. ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். மனைவியும் சரி என்றாள். உங்கள் கடன் வருடம் 9 சதவீத வீட்டுக் கடன் என்றால் இவ்வளவு அவசரம் இல்லை.

பெயிண்ட் வேலையை மட்டும் அதே கார்டில் போட்டுவிடாதீர்கள். பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்குவதற்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

இன்ஷூரன்ஸில் கிளெய்ம் போடலாமே என்று பலர் சொன்னார்கள். எனக்கு நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, 45 சதவீதம். அடுத்த புதுப்பிப்பில் 50 ஆகும். கிளெய்ம் போட்டால் பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-ஐத் தொட வேண்டும். சொந்தச் சேதப் பிரீமியம் (நம் காரின் சேதத்துக்காகக் கட்டும் பங்கு) 6,000 என்று வைத்தால், அதற்குள் இழப்பது சுமார் 7,500. போதாததற்கு ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 1,000 ரூபாய் நம் தலையில். பெரிய சேதத்துக்குக் கிளெய்மை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று மாதத்தில் காரை விற்பதாக இருந்தால் மட்டும், வாங்குபவர் எவ்வளவு குறைப்பார் என்று விசாரியுங்கள். அந்தத் தொகை பெயிண்ட் செலவையும் தாண்டினால் அடித்துவிடலாம்.

கல்யாணத்துக்கு அதே காரில்தான் போனோம். கார்டு பாக்கி ஆடியில் முடிந்தது. ஐப்பசி மழை விட்டதும் கதவுகளுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.