பழைய லேப்டாப்ப தூக்கிப் போடாதீங்க, ஒரு எஸ்எஸ்டியும் ஒரு பென்டிரைவும் போதும்

விண்டோஸ் 10க்கு இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட நின்னு போச்சு. அதுல இருந்து தெரிஞ்சவங்க எல்லாரும் என்கிட்ட கேக்குறது ஒண்ணுதான், லேப்டாப் நல்லாத்தான் இருக்கு ஆனா விண்டோஸ் 11 ஏறாதுன்னு சொல்லுது, வித்துட்டு புதுசு வாங்கிடட்டுமான்னு. வேணாங்க. அது ஏறாததுக்கு காரணம் பெரும்பாலும் வேகம் பத்தாதது இல்ல, டிபிஎம் 2.0ன்னு ஒரு செக்யூரிட்டி சிப் வேணும், இன்டெல்னா ஏறக்குறைய எட்டாவது தலைமுறையில இருந்துதான் லிஸ்ட்ல இருக்கு, ஏஎம்டி ரைசன்னா 2000 சீரிஸ்ல இருந்து, அந்த கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்குற மெஷின் எல்லாம் வெளிய. ஆறாவது தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம் இருந்தா பிரவுஸ் பண்ண, எழுத, படம் பாக்க, கோடிங் கத்துக்க அது தாராளம். 2026 அக்டோபர் வரைக்கும் கூடுதலா ஒரு வருஷ செக்யூரிட்டி அப்டேட்டுக்கு பதிஞ்சுக்கலாம்னு ஒரு வழி இருக்கு, அது தள்ளிப்போடுறது மட்டும்தான்.

நான் சொல்ற வழி இதுதான்: உள்ள இருக்குற ஹார்ட் டிஸ்க்க கழட்டி ஓரமா வெச்சுட்டு, புது எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாம சிப்லயே சேமிக்கிற வேகமான டிஸ்க்) போட்டு, அதுல விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்ங்குற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்த ஏத்துறது. ஒரு லீவு நாள் வேலை. அழிக்கிறதுங்குற பேச்சே இதுல கிடையாது, அது ஏன்னு சொல்லிடுறேன்.

சில வருஷம் முன்னாடி எங்க சித்தப்பாவோட லேப்டாப்ப சரி பண்ணித் தரேன்னு வாங்கிட்டு வந்தேன். போட்டோ எல்லாத்தையும் வெளி டிஸ்க்குக்கு காப்பி போட்டுட்டு, முடிஞ்சிருக்கும்னு நெனச்சு உள்ள இருந்தத மொத்தமா அழிச்சுட்டு புதுசா ஏத்துனேன். ஒரு போல்டர் பாதியிலயே நின்னுருந்துது, அவரு பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்போ எடுத்த போட்டோ எல்லாம் அதுலதான். அவரு திட்டக்கூட இல்ல, "பரவால்ல விடுப்பா"ன்னாரு. அன்னிக்கு முடிவு பண்ணேன், அடுத்தவங்க டிஸ்க்க இனிமே அழிக்கவே மாட்டேன், கழட்டித்தான் வெப்பேன்னு.

கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை

ஒண்ணு, முக்கியமான போல்டர வெளி டிஸ்க்ல காப்பி பண்ணிட்டு ரெண்டு பக்கமும் ரைட் கிளிக் பண்ணி பிராபர்ட்டீஸ்ல பைல் எண்ணிக்கையும் சைஸும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, நாலஞ்சு பைல திறந்தும் பாருங்க, காப்பி ஆச்சுன்னு கம்ப்யூட்டர் சொன்னா மட்டும் நம்பிடாதீங்க. ரெண்டு, விண்டோஸ்ல பிட்லாக்கர் இல்லன்னா டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்ல இருக்குறத கீ இல்லாம படிக்க முடியாதபடி பூட்டி வைக்கிறது) ஆன்ல இருக்கான்னு செட்டிங்ஸ்ல தேடுங்க. நீங்க ஆன் பண்ணாமயே ஆன் ஆகியிருக்கலாம், மைக்ரோசாப்ட் அக்கவுன்ட் போட்டு லாகின் பண்ற மெஷின்ல அது சகஜம். ஆன்ல இருந்தா 48 இலக்க ரெகவரி கீ ஒண்ணு இருக்கும், அத பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க. அந்த கீ இல்லாம கழட்டுன டிஸ்க்க வேற மெஷின்ல மாட்டினா ஒரு போட்டோகூட வராது, யாராலயும் எடுத்துத் தரவும் முடியாது.

எஸ்எஸ்டி

இந்த ஒரு பார்ட்தான் மொத்த கதையும். பழைய லேப்டாப்ல இருக்குற 5400 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 5400 சுத்து) ஹார்ட் டிஸ்க் நொடிக்கு ஏறக்குறைய 100 எம்பி படிக்கும், சாட்டாங்குற பழைய வகை இணைப்புல மாட்டுற எஸ்எஸ்டி 500 எம்பிக்கு மேல, ஆனா உண்மையான வித்தியாசம் அந்த நம்பர்ல இல்ல, சின்னச் சின்ன பைல் ஆயிரக்கணக்குல படிக்கும்போது ஹார்ட் டிஸ்க்கோட முள்ளு அங்கயும் இங்கயும் ஓடணும், எஸ்எஸ்டில ஓடுறதுக்கு ஒண்ணுமே இல்ல, அதனாலதான் பூட் ஆக நாலு நிமிஷம் எடுத்துட்டு இருந்த மெஷின் அரை நிமிஷத்துக்குள்ள எந்திரிச்சு உக்காருது. ராம் கூட்டலாமா எஸ்எஸ்டி போடலாமான்னு கேட்டா, 4 ஜிபி இருந்தாலும் மொதல்ல எஸ்எஸ்டிதான்னு கண்ண மூடிட்டு சொல்லுவேன்.

வாங்குறதுக்கு முன்னாடி உங்க மாடல் பேரோட சர்வீஸ் மேனுவல்னு தேடிப் பாருங்க. 2.5 இன்ச் சாட்டாவா, எம்.2வா (மெலிசான பட்டை மாதிரி இருக்குற எஸ்எஸ்டி), எம்.2ன்னா அதுலயும் சாட்டாவா, அத விட வேகமான என்விஎம்இயான்னு அதுல இருக்கும், ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், மாத்தி வாங்கினா வேலை செய்யாது. சில மெலிசான மாடல்ல ஸ்டோரேஜ போர்டுலயே சால்டர் பண்ணி ஒட்டியிருப்பாங்க, அதுல கழட்ட வழியில்ல, பேக்கப்ப ரெண்டு இடத்துல எடுத்துட்டு அதுமேலயே ஏத்த வேண்டியதுதான்.

கழட்டும்போது சார்ஜர உருவிட்டு, மூடியத் திறந்ததும் மொதல் வேலையா பேட்டரி கனெக்டர எடுத்துடுங்க. ஸ்க்ரூ எந்த ஓட்டையில இருந்து வந்துச்சுன்னு ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, ஏன்னா நீளம் ஒண்ணுக்கொண்ணு மாறும், நீளமானத குட்டை ஓட்டையில முறுக்கினா போர்டு போயிடும். பேட்டரி உப்பியிருந்தா அதோட வேலைய நிறுத்திடுங்க, குத்தவோ அழுத்தவோ கூடாது, அது தீப்பிடிக்கிற சாமான்.

பென்டிரைவ்

மின்ட்ட ஏத்துறதுக்கு 8 ஜிபி பென்டிரைவ் போதும், உள்ள இருக்குறது அழிஞ்சுடும்னு நெனவு வெச்சுக்கோங்க. லினக்ஸ் மின்ட் சைட்ல மூணு வகை இருக்கும், சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ. 8 ஜிபி ராம்னா சின்னமன், 4 ஜிபின்னா எக்ஸ்எஃப்சிஇ. உபுன்ட்டு, ஃபெடோரான்னு மத்த லினக்ஸ் எல்லாம் நல்லதுதான், ஆனா விண்டோஸ்ல இருந்து வர்றவங்க கை எங்க போகுதோ அங்கயே மெனு இருக்குறது மின்ட்லதான், அதனால வீட்டுல உள்ளவங்களுக்கு நான் வேற எதையும் போட்டுத் தர்றதில்ல.

ஐஎஸ்ஓ பைல் (மின்ட் மொத்தமும் அடங்குன ஒரே பைல்) இறங்குனதும் செக்சம் (பைல் மாறாம வந்திருக்கான்னு காட்டுற நீளமான எழுத்து வரிசை) பாக்குறத யாரும் மதிக்கிறதில்ல, தயவுசெஞ்சு பாருங்க. 2016 பிப்ரவரியில மின்ட் சைட்டையே ஹேக் பண்ணி, பின்வாசல் வெச்ச ஐஎஸ்ஓவுக்கு லிங்க மாத்தி விட்டாங்க, அன்னிக்கு இறக்குனவங்க வீட்டுக்குள்ள திருடன அவங்களே கூட்டிட்டு வந்து உக்கார வெச்ச மாதிரி ஆச்சு. ஐஎஸ்ஓவ பென்டிரைவ்ல எழுதுற ரூஃபஸ் சாஃப்ட்வேர்ல ஐஎஸ்ஓவ தேர்ந்தெடுத்ததும் பக்கத்துல ஒரு டிக் பட்டன் இருக்கும், அத அமுக்கினா எஸ்ஹெச்ஏ256ன்னு அந்த செக்சம் காட்டும், சைட்ல குடுத்திருக்கிறதோட ஒப்பிடுங்க. மொத எட்டு எழுத்த மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க, கடைசி வரைக்கும் பாருங்க. சரியா இருந்தா ஸ்டார்ட் அமுக்குங்க, அவ்ளோதான்.

ஏத்துறது

பென்டிரைவ சொருகி, ஆன் பண்ணும்போதே எஃப்12 (சிலதுல எஃப்9, எஃப்2, எஸ்கேப்) தட்டிக்கிட்டே இருங்க, எதுல இருந்து ஆரம்பிக்கணும்னு கேக்குற பூட் மெனு வரும். பென்டிரைவ தேர்ந்தெடுத்தா மின்ட் நேரா அதுல இருந்தே ஓடும், இன்னும் எதுவும் ஏறல. அவசரப்பட்டு இன்ஸ்டால் அமுக்காதீங்க, ஒரு அரை மணி நேரம் சும்மா ஓட்டிப் பாருங்க. வைஃபை பிடிக்குதா, சத்தம் வருதா, கேமரா, பிரைட்னஸ் கீ, மூடித் திறந்தா முழிக்குதா. சில பழைய வைஃபை சிப்புக்கு டிரைவர் தனியா வேணும், அப்ப போன யூஎஸ்பில மாட்டி டெதரிங் ஆன் பண்ணா நெட் வந்துடும், அப்புறம் டிரைவர் மேனேஜர திறந்தா அதுவே எடுத்துக்கும்.

இன்ஸ்டாலர் கேக்குற கேள்விங்க சுலபம். பாட்டு, வீடியோ ஓடுறதுக்கு மல்டிமீடியா கோடெக் டிக் பண்ணுங்க. டிஸ்க் பத்தி கேக்கும்போது மொத்தமா எடுத்துக்கோன்னு சொல்லுங்க, உள்ள புது எஸ்எஸ்டி மட்டும்தானே இருக்கு, போறதுக்கு ஒண்ணும் இல்ல. அதே இடத்துல அட்வான்ஸ்ட் ஃபீச்சர்ஸ்னு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள போயி என்கிரிப்ட் பண்ணுன்னு டிக் பண்ணுங்க. லேப்டாப் தொலைஞ்சா போறது பொருள் மட்டும்தான், உள்ள இருக்குற வீட்டு விஷயம் போகாது. ஆனா அதுக்கு வெக்கிற பாஸ்வேர்ட மறந்தா உங்களுக்கும் கதவு கிடையாது, அதையும் பேப்பர்ல எழுதி பத்திரமா வைங்க. பேப்பர்ல எழுதக் கூடாதுன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க, நான் ஒத்துக்க மாட்டேன், இன்டர்நெட்ல இருக்குற திருடன் உங்க வீட்டு அலமாரிய வந்து திறக்கப் போறதில்ல.

ஏறி முடிச்சதும் அப்டேட் மேனேஜர ஓட்டுங்க, டைம்ஷிஃப்ட்ல ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்க, எதையாவது நோண்டி கெடுத்துட்டா அந்த நிலைமைக்கு திரும்பிடலாம் (இது சிஸ்டத்துக்கு மட்டும், உங்க போட்டோவுக்கு பேக்கப் இல்ல). தமிழ்ல டைப் பண்ண ஐபஸ், எம்17என்ங்குற ரெண்டு டைப்பிங் சாஃப்ட்வேரையும் போட்டா தமிழ்99, பொனெடிக் ரெண்டு கீபோர்டு முறையுமே கிடைக்கும், தமிழ்99 பழகுனவங்களுக்கு விண்டோஸ விட இங்க ஒண்ணும் குறையாது.

கேம்

லினக்ஸ்ல கேம் ஓடாதுன்னு இன்னமும் சொல்றவங்கள பாத்தா கோவமே வருது. 2018ல ஸ்டீம்ங்குற கேம் கடைய நடத்துற வால்வ் கம்பெனி புரோட்டான்னு ஒண்ணு விட்டாங்க, விண்டோஸ் கேம் பேசுறத லினக்ஸுக்கு புரியற மாதிரி மாத்திக் குடுக்குற லேயர், 2022ல வந்த அவங்களோட கையடக்க கேம் மெஷின் ஸ்டீம் டெக்ல விண்டோஸ் கேம் எல்லாம் அதுமேலதான் ஓடுது. ஸ்டீம் போட்டு கேம இன்ஸ்டால் பண்ணுங்க. வாங்குறதுக்கு முன்னாடி புரோட்டான்டிபி சைட்ல கேம் பேர போட்டா மத்தவங்களுக்கு எப்படி ஓடுச்சுன்னு தெரியும்.

பழைய மெஷின்ல ஒரு சிக்கல் வரும், கேம் திறந்த உடனே மூடிக்கும். புது புரோட்டானுக்கு உள்ள இருக்குற டிஎக்ஸ்விகே (விண்டோஸ் கேமோட கிராபிக்ஸ மாத்திக் குடுக்குற பகுதி) 2.0ல இருந்து வல்கன் 1.3ங்குற கிராபிக்ஸ் வசதிய கேக்குது, ரொம்ப பழைய கிராபிக்ஸ்ல அது இல்ல. அந்த கேமோட பிராபர்ட்டீஸ்ல போயி புரோட்டான் 7.0ன்னு மாத்திப் பாருங்க, பல நேரம் அதோட தீர்ந்துடும்.

ஓடாததும் இருக்கு, மறைக்கல. வேலரன்ட், ஃபோர்ட்நைட் ஓடாது, ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் ஓடிட்டு இருந்தத 2024 கடைசியில லினக்ஸுக்கு நிறுத்திட்டாங்க. எல்லாத்துக்கும் ஆன்டி சீட் (ஏமாத்தி விளையாடுறவங்கள பிடிக்கிற சாஃப்ட்வேர்) காரணம். என்னைக் கேட்டா, ஒரு விளையாட்டு என் சிஸ்டத்தோட அடி மையமான கெர்னல் வரைக்கும் வந்து உக்காந்துக்கணும்னு கேட்டா அந்த விளையாட்டே எனக்கு வேணாம். ஆனா உங்க சிநேகிதங்க எல்லாம் அதுலதான் இருக்காங்கன்னா அது உங்களுக்கு பெரிய இழப்புதான், அப்படின்னா அந்த ஒண்ணுக்காக விண்டோஸ் மெஷின் ஒண்ணு வெச்சுக்கோங்க. சூப்பர்டக்ஸ்கார்ட், ஓப்பன்டிடிடி, வெஸ்னாத் இதெல்லாம் இலவசம், அப்படியே லினக்ஸ்லயே ஓடும், குழந்தைங்களுக்கு மொதல்ல சூப்பர்டக்ஸ்கார்ட் போட்டுக் குடுங்க.

பிரைவசி

புது வீட்டுக்கு பழைய பூட்ட எடுத்துட்டு வராதீங்க. மின்ட்ல ஃபயர்ஃபாக்ஸ் கூடவே வரும், அதுல டிராக்கிங் புரொடக்‌ஷன ஸ்ட்ரிக்ட்ல வெச்சுட்டு, விளம்பரத்த தடுக்குற யூபிளாக் ஆரிஜின் எக்ஸ்டென்ஷன் போடுங்க. குரோம்ல எக்ஸ்டென்ஷன் விதிய மாத்துனதால அது முழுசா ஓடுறதில்ல, லைட்னு குறைஞ்ச வெர்ஷன்தான், நான் ஃபயர்ஃபாக்ஸ விடாததுக்கு இந்த ஒரு காரணமே போதும். பழைய மெஷின்ல இது வேகத்துக்கும் மருந்து, ஒரு செய்திப் பக்கத்துல விளம்பர ஸ்கிரிப்ட் எல்லாத்தையும் நிறுத்துனா ஃபேன் சத்தமே அடங்கிடும்.

அடுத்து, பாஸ்வேர்ட் எல்லாத்தையும் ஒரே இடத்துல பூட்டி வைக்கிற பாஸ்வேர்ட் மேனேஜர். பல மெஷின்ல ஒண்ணா வேணும்னா பிட்வார்டன், யாரோட சர்வரும் வேணாம்னா கீபாஸ்எக்ஸ்சி. அதத் திறக்குற மாஸ்டர் பாஸ்வேர்டுக்கு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ஆறு வார்த்தை, புத்தகத்த கண்ண மூடி திறந்து விரல் வெச்சு எடுங்க, பாட்டு வரி, குறள் இதெல்லாம் வேணாம், அது உங்களுக்கு மட்டும் தெரிஞ்சதில்ல. தமிழ் வார்த்தைய இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிறது நல்ல வழி, ஆனா ழ, ள, ஞ வர்ற வார்த்தைய தவிர்த்துடுங்க, ஒரு நாள் அடிச்ச ஸ்பெல்லிங் இன்னொரு நாள் வராது.

மொதல்ல இமெயில் பாஸ்வேர்ட மாத்துங்க, ஏன்னா மத்த எல்லா அக்கவுன்ட்டோட ரீசெட் லிங்க்கும் அங்கதான் வருது. அதுக்கு ரெண்டாவது பூட்டா ஆதென்டிகேட்டர் ஆப், 30 நொடிக்கு ஒரு தடவை மாறுற 6 இலக்கம், எஸ்எம்எஸ்ஸ விட இது மேல், திருடன் உங்க சிம்ம ஏமாத்தி மாத்திட்டா எஸ்எம்எஸ் அவன் கைக்குத்தான் போகும். போன் தொலைஞ்சா உள்ள போறதுக்கு பேக்கப் கோட பிரின்ட் எடுத்து வைங்க.

விபிஎன் (உங்க நெட் போக்குவரத்த வேற கம்பெனி சர்வர் வழியா மறைச்சு அனுப்புற சேவை) வாங்கணுமான்னு கேப்பீங்க. பெரும்பாலானவங்களுக்கு தேவையில்லன்னுதான் நான் சொல்லுவேன். இப்ப ஏறக்குறைய எல்லா சைட்டும் ஹெச்டிடிபிஎஸ்தான், அதாவது நீங்க அனுப்புறத நடுவுல யாரும் படிக்க முடியாது, விபிஎன் போட்டா நீங்க எந்த சைட்டுக்கு போறீங்கன்னு நெட் கம்பெனிக்கு தெரியாது, அதுக்கு பதிலா விபிஎன் கம்பெனிக்கு தெரியும், பாக்குற ஆள் மாறுறான், அவ்ளோதான். அந்த காச ராமுக்கு போடுங்க.

கழட்டுன ஹார்ட் டிஸ்க்க ஒரு 2.5 இன்ச் யூஎஸ்பி கேஸ்ல போட்டுக்கோங்க. ஒரு மாசம் அதுல எதையும் அழிக்காதீங்க, எப்படியும் ஏதோ ஒரு பைல் வேணும்னு வந்து நிப்பீங்க, பிட்லாக்கர் போட்டிருந்தாலும் அந்த கீய குடுத்தா மின்ட்லயே திறக்கும். மாசம் முடிஞ்சு, வீட்டுல எல்லார்கிட்டயும் எல்லாம் வந்துடுச்சான்னு கேட்டு, அவங்கள பக்கத்துல உக்கார வெச்சு அவங்க போட்டோவ அவங்களே திறந்து பாத்து சொன்னதுக்கு அப்புறம், அந்த டிஸ்க்க வாரா வாரம் பேக்கப் எடுக்குறதுக்கு மாத்திக்கோங்க.