ஒரு கோட்டின் குறும்பு

மாலைத்தீவு விடுதிகளைத் தெரிவுசெய்ய உதவும் இணையத்தளம் ஒன்றை ஹட்டனில் இருந்தபடி பராமரிக்கிறேன். அட்டு பவளத்தீவில், கான் விமான நிலையத்தின் அருகே உள்ள விடுதிக்கு அது ‘விமான நிலையத்திலிருந்து 153 கிலோமீற்றர்’ என்று காட்டியது.

தூரம் கணிக்கும் சூத்திரத்தை இருமுறை திருத்தி எழுதினேன். வரைபடச் சேவையையே மாற்றினேன். மழையும் மின்வெட்டுமாக மூன்று நாள் வீண்.

வரைபடத்தில் விடுதியின் புள்ளி வெறுங்கடலில் விழுந்திருந்தால் உடனே பிடித்திருப்பேன். அதுவோ வடக்கே ஹுவது பவளத்தீவுக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மாலைத்தீவில் அட்டுவும் புவமுலாவும் மட்டுமே பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ளன. அவற்றின் அகலாங்குக்குக் கழித்தல் குறி வேண்டும். மற்ற விடுதிகளுக்கு அந்தத் தேவையே இல்லாததால் கோளாறு இத்தனை நாள் ஒளிந்திருந்தது.

பட்டியலில் குறி இருக்கத்தான் செய்தது. பக்கத்தில் நானே ஒன்றை அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பட்டியலில் இருந்தது மயிரிழை நீளம் கூடியது. சொற்செயலி தானாக மாற்றிவிட்ட நீள்கோடு! இலக்கம், புள்ளி, வழக்கமான கழித்தல் குறி தவிர மற்றதை எல்லாம் உதறும் என் நிரல், அதையும் குப்பையென்று உதறியிருக்கிறது.

நீள்கோட்டை முதலில் கழித்தல் குறியாக மாற்றும் ஒரு வரியைச் சேர்த்தேன். தெரியாத எழுத்து வந்தால் இப்போது நிரல் உதறுவதில்லை, நின்றுவிடுகிறது. விடுதியும் கானுக்குத் திரும்பிவிட்டது.