கிட்ஸ் கிளப்பை நம்பி ரூம் போடும் முன்: பெங்களூர்ப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் தசரா லீவு நெருங்கினால் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கேள்வி வந்துவிடும்: "கூர்க் பக்கம் நல்ல ரிசார்ட் சொல்லுங்க. கிட்ஸ் கிளப் கட்டாயம் இருக்கணும்." பதில்களும் மளமளவென்று வரும். இங்கே இருக்கு, அங்கேயும் இருக்கு என்பார்கள். அங்கே உண்மையில் என்ன இருக்கிறது என்று விசாரிக்காமல் பணத்தைக் கட்டிவிடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

கிட்ஸ் கிளப் என்ற ஒரே பெயரில் இன்று மூன்று விதமான இடங்கள் நடக்கின்றன. ஒன்று, வெறும் விளையாட்டு அறை. சறுக்குமரம், பிளாஸ்டிக் பந்துத் தொட்டி, கேரம் போர்டு, சுவரில் ஒரு டிவி. ஊழியர் ஒருவர் இருப்பார். ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை அல்ல, நீங்கள் கூடவே உட்கார வேண்டும். இன்னொன்று, அட்டவணை போட்டு நடக்கும் நிகழ்ச்சிகள். காலை 11 மணிக்கு மண்பாண்டம், மாலை 5 மணிக்குப் பறவை பார்க்கும் நடை என்று இருக்கும். அந்த ஒரு மணி நேரம் முடிந்ததும் அவர்கள் பொறுப்பும் முடிந்தது. மூன்றாவதுதான் நம்மில் பலர் மனதில் நினைத்துக்கொண்டு போவது: பயிற்சி பெற்ற ஆட்கள், வயதுவாரியாகப் பிரிவு, கையெழுத்துப் போட்டு விட்டுவிட்டு மறுபடி கையெழுத்துப் போட்டு அழைத்துவரும் முறை. நம் ஊரிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில் நான் பார்த்தவரை முதல் இரண்டு வகைதான் அதிகம். அதில் குறையொன்றும் இல்லை. எது என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

ஹோட்டலில் பிள்ளைகளுக்குத் தனி இடம் என்பது ஒன்றும் புதிதல்ல. பிரான்ஸைச் சேர்ந்த விடுமுறை விடுதி நிறுவனம் கிளப் மெட் 1967-லேயே மினி கிளப் தொடங்கிவிட்டது. ஹயாட் ஹோட்டல் குழுமம் 1989-ல் கேம்ப் ஹயாட் என்று ஆரம்பித்தது. அப்பா அம்மா ஓய்வெடுக்கட்டும், பிள்ளைகள் தனியே விளையாடட்டும் என்பதுதான் அந்தக் காலத்து யோசனை. இப்போது காற்று வேறு பக்கம் வீசுகிறது. ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல் குழுமம், கடல் ஆய்வாளர் ழான்-மிஷெல் கூஸ்தோவின் அமைப்போடு சேர்ந்து தன் ரிசார்ட்கள் சிலவற்றில் பிள்ளைகளுக்கான சுற்றுச்சூழல் நிகழ்ச்சிகளைக் கொண்டுவந்தது. கூர்க் என்கிற குடகிலும் வயநாட்டிலும் உள்ள நல்ல ரிசார்ட்கள் அறைக்குள் வண்ணம் தீட்டச் சொல்வதைக் குறைத்து, பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகத் தொடங்கியிருக்கின்றன. பெரியவர்களும் கூட வரலாம் என்கிறார்கள்.

டிசம்பர் லீவில் ஒரு காபித் தோட்டத்தில் நடக்கும் அந்த நடையைப் பார்த்தால் இந்த மாற்றத்தின் அருமை புரியும். பழம் பறிக்கும் காலம் அது. தோட்டத்தைக் காட்டுபவர் சிவந்த பழம் ஒன்றைப் பறித்துப் பிள்ளையின் கையில் கொடுக்கிறார். விரலால் நசுக்கினால் வழுவழுவென்று இரண்டு கொட்டைகள் வெளியே வரும். தோலுக்கு உள்ளே இருக்கும் பசை லேசாக இனிக்கும். ஃபில்டர் காபியில் வளர்ந்த வீட்டுப் பிள்ளை, "இது காபி மாதிரியே இல்லையே!" என்று பாட்டியிடம் ஓடுகிறது. பாட்டியும் ஒன்றை வாங்கி வாயில் போட்டுப் பார்க்கிறார். சேலத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ பேரப்பிள்ளைகளோடு இருக்கவென்று வந்த தாத்தா பாட்டிக்கு இதைவிட நல்ல அரைமணி நேரம் எந்த ரிசார்ட்டும் தந்துவிட முடியாது.

ஆனால் இதிலும் ஒரு தவறு காத்திருக்கிறது. வெளியே நடக்கும் நிகழ்ச்சிகள் பருவத்தை நம்பியவை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை குடகில் மழை பிடித்தால் விடாது. தோட்டத்தில் அட்டைகள் வேறு. அந்த மாதங்களில் இணையதளத்தில் பார்த்த படங்களை நம்பிப் போனால், பிள்ளை டிவி முன்னால்தான் உட்கார்ந்திருக்கும். 2 வயது முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகள் உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. வீட்டில் அதற்காகப் போராடும் நாம் பணம் கொடுத்து அதையே வாங்க வேண்டாம். "மழை பெய்தால் என்ன செய்வீர்கள்?" என்று முன்கூட்டியே கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் அங்கே யாரோ யோசித்து வேலை செய்கிறார்கள் என்று பொருள்.

போன் செய்யும்போது

புக்கிங் தளத்தில் உள்ள சின்னப் படத்தையும், நகரத்து விற்பனை அலுவலகத்தில் எடுக்கும் போனையும் நம்பி முடிவு செய்யாதீர்கள். ரிசார்ட்டுக்கே போன் போட்டு, முடிந்தால் கிட்ஸ் கிளப்பில் வேலை செய்பவரிடமே பேசுங்கள். நேரத்தைக் கேளுங்கள். பல இடங்களில் மதியம் இரண்டு மூன்று மணி நேரம் மூடிவிடுவார்கள். நாம் சாப்பிட்டுக் கண்ணயரலாம் என்று நினைத்திருக்கும் நேரமே அதுதான். வாரநாளில் விருந்தினர் குறைவாக இருந்தால் நிகழ்ச்சியே நடக்காது என்பதும் உண்டு. எது இலவசம், எதற்குத் தனிக் கட்டணம் என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். பானைக்கு வண்ணம் பூசக் காசு, கேக் செய்யக் காசு என்று கடைசி நாள் பில்லில் சேர்ந்துகொண்டே போகும்.

வயது விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான கிளப்புகள் 4 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத்தான் தனியே எடுத்துக்கொள்கின்றன. டயப்பர் விடாத குழந்தை என்றால் யாராவது கூட இருந்தே ஆக வேண்டும். சில இடங்களில் மணிக்கு இவ்வளவு என்று பார்த்துக்கொள்ள ஆள் தருவார்கள். அதையும் முன்னாடியே சொல்லி வைக்க வேண்டும், அன்றைக்குக் கேட்டால் கிடைக்காது. காட்டோர விடுதிகளில் சஃபாரி ஜீப்புக்குத் தனி வயது வரம்பு இருக்கலாம். பிள்ளையை உள்ளே விடாமல், பெற்றோரில் ஒருவர் விடுதியிலேயே தங்கிவிடும் நிலை வந்தால் மைசூருக்கு அப்பால் கபினிக் காடுவரை போனதன் பாதி சந்தோஷம் போய்விடும்.

மறுமுனையில், 11, 12 வயதுப் பிள்ளையை 5 வயதுக் குழந்தைகளோடு உட்காரவைத்து வண்ணம் தீட்டச் சொன்னால் அது முகத்தைத் தூக்கிக்கொள்ளும். அதன் மேல் தப்பில்லை. அந்த வயதுக்கென்று சைக்கிள், சுவரேறுதல், சமையல் என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இதைவிட மோசம், "தம்பியைப் பார்த்துக்கோ" என்று அக்காவையும் சேர்த்துக் கிளப்புக்கு அனுப்புவது. பொறுப்பைச் சம்பளம் வாங்கும் பெரியவர் எடுத்துக்கொள்ளட்டும். பத்து வயதுப் பெண்ணுக்கு அதுவும் லீவு நாள்தானே.

ஒப்படைக்கும்போது

விட்டுவிட்டு வரக்கூடிய இடம் என்று உறுதியான பிறகும் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வாசலில் ஒரு பதிவேடு இருக்க வேண்டும்: பிள்ளையின் பெயர், வயது, அறை எண், உள்ளே வந்த நேரம், பெற்றோர் கையெழுத்து, யார் வந்தால் அனுப்பலாம், என்ன ஒவ்வாமை. ஒவ்வாமைக் கட்டம் எல்லா வரியிலும் காலியாகக் கிடந்தால், யாரும் அதைக் கேட்பதில்லை என்று தெரிந்துகொள்ளலாம். நிலக்கடலையோ முந்திரியோ ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் எழுதுங்கள், வாயாலும் சொல்லுங்கள். மாலையில் பிஸ்கட், கேக் கொடுக்கும் ஆள் வேறாக இருப்பார். அவருக்கும் தெரிய வேண்டும்.

சின்னப் பிள்ளை பாத்ரூம் போகணும் என்பதை எப்படிச் சொல்லும் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள். அங்கே இருக்கும் ஊழியர் மலையாளமோ இந்தியோ பேசுபவராக இருக்கலாம். வீட்டில் தமிழ் மட்டும் பேசும் மூன்றரை வயதுக் குழந்தை தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டு நிற்கும், அவருக்குப் புரியாது, குழந்தை அவமானப்பட்டு அழும். கழிப்பறைக்கு யார் கூட்டிப்போவார் என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். அறைக்குக் கண்ணாடிச் சுவரோ கதவோ இருக்கிறதா, எப்போதும் குறைந்தது இரண்டு பேர் இருக்கிறார்களா, பிள்ளையை யாராவது தனியே வெளியே கூட்டிப்போக வழி உண்டா என்று பாருங்கள். ஊழியர்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பு நடந்திருக்கிறதா என்று கேட்டால் ஒழுங்காக நடத்தும் இடம் கோபித்துக்கொள்ளாது. நாலைந்து வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரே ஆள் என்றால் நான் விட மாட்டேன்.

குடகிலும் கபினியிலும் செல்போன் சிக்னல் வரும், போகும். "ஏதாவது என்றால் கூப்பிடுங்கள்" என்று நம்பரை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் அவர்கள் கூப்பிட்டும் கிடைக்காமல் போகலாம். அறையில் இருந்தால் இன்டர்காம், சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தால் அங்கே என்று இடத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளை கிளப்பில் இருக்கும்போது இருவரும் ரிசார்ட்டை விட்டே வெளியே போவதைப் பல இடங்கள் அனுமதிப்பதில்லை. அது சரியான விதிதான்.

நீச்சல் குளத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கிட்ஸ் கிளப் ஊழியர் குளத்துக்குக் காவல் இல்லை. லைஃப்கார்டு இருந்தாலும் அவர் பார்வை குளம் முழுக்கச் சுற்ற வேண்டும், உங்கள் பிள்ளை மேலேயே நிற்காது. 2021-ல் உலகம் முழுக்க நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர், அதில் ஏறக்குறைய கால்வாசி 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கையை ஆட்டுவதில்லை. சத்தமே இல்லாமல், ஒன்றிரண்டு நிமிடத்தில் நடந்து முடிந்துவிடும். கையில் மாட்டும் காற்றுப் பை விளையாட்டுப் பொருள், உயிர் காக்கும் கருவி அல்ல. சிறுவர் குளமே என்றாலும், கைக்கு எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர், போனைக் கீழே வைத்துவிட்டு இருக்க வேண்டும். நாலு பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதுதான் ஆபத்து அதிகம். அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிடுவார்கள். "அடுத்த அரைமணி நேரம் என் பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

செக்-இன் நேரத்தில் நீட்டும் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதும் வழக்கமாகிவிட்டது. பிள்ளையின் படத்தை ரிசார்ட் தன் விளம்பரத்துக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் பயன்படுத்தலாம் என்று அதில் ஒரு வரி ஒளிந்திருக்கலாம். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கருதுகிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. வேண்டாம் என்றால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

போன உடனே கொண்டு விடாதீர்கள்

பெங்களூரிலிருந்து குடகின் மடிகேரி சுமார் 260 கிலோமீட்டர். மைசூர்வரை 2023-ல் வந்த எக்ஸ்பிரஸ்வேயில் சீக்கிரம் போய்விடலாம். அதற்கப்புறம் மலைப்பாதை வளைவுகளில் பிள்ளைகளுக்கு வயிற்றைப் புரட்டும். வாந்தி எடுத்துச் சோர்ந்து வந்த குழந்தையை ரூம் சாவி வாங்கிய கையோடு புது முகங்களிடம் விட்டால் அது ஒட்டாது. முதல் நாள் நீங்களும் உள்ளே உட்கார்ந்து ஒரு படம் ஒட்டுங்கள், இரண்டு கட்டை அடுக்குங்கள். பிள்ளை தானாகவே உங்களை மறக்கும் நேரம் வரும், அப்போது எழுந்து வாருங்கள், சொல்லிக்கொண்டு வாருங்கள். நைசாக நழுவினால் அடுத்த நாள் முந்தானையை விடாது.

காய்ச்சலோ கையிலும் வாயிலும் கொப்புளமோ இருந்தால் அனுப்பவே வேண்டாம். பந்துத் தொட்டியில் ஒரு பிள்ளைக்கு வந்தால் மற்றவர்களுக்கும் தொற்றிவிடும்.

காலை முதல் இரவுவரை கிளப்பிலேயே போட்டு நிரப்பிவிடுவதும் சரியில்லை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், வாரம் முழுக்க ஸ்கூல் பஸ், டேகேர், டியூஷன் என்று அட்டவணையில் ஓடும் பிள்ளைக்கு லீவிலும் அட்டவணைதானா? அப்பா அம்மா இரண்டு மணி நேரம் தனியாக இருக்க ஆசைப்படுவது நியாயமான ஆசை, அதற்குக் குற்ற உணர்ச்சி தேவையே இல்லை. அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கிளப்பைப் பயன்படுத்திவிட்டு, மீதிப் பொழுதில் குடும்பமாகச் செய்யும் நிகழ்ச்சி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கிட்ஸ் கிளப்புகள் இப்போது மாறிவரும் திசையும் அதுதான்.

இரண்டாம் நாள் பிள்ளை "போக மாட்டேன்" என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். "காசு கட்டியிருக்கு, போ" என்று தள்ளிவிடுவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து காரணம் கேளுங்கள். சலிப்பாக இருக்கலாம், வேறொரு பையன் பொம்மையைப் பிடுங்கியிருக்கலாம். யாராவது தொட்ட விதம் பிடிக்கவில்லை என்று குழந்தை சொன்னால், அதை நம்பி, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் குடையாமல், மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து, போலீஸுக்கும் சொல்லுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாத நிறுவனப் பொறுப்பாளருக்கும் தண்டனை உண்டு. "பேர் கெட்டுடும், இங்கேயே பேசி முடிச்சுக்கலாம்" என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098; இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது. கிளம்பும் முன்பே வீட்டில் எல்லார் போனிலும் அதைப் பதிந்து வையுங்கள், தாத்தா பாட்டியின் போனிலும்.