கொனனின் கடைசி மூன்று அத்தியாயங்களை ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்டும் முறை

1978 இல் ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சி ஒளிபரப்பிய, ஹயாவோ மியாசாகி இயக்கிய ‘எதிர்காலச் சிறுவன் கொனன்’ கார்ட்டூன் தொடரின் 26 அத்தியாயங்களில் இறுதி மூன்றையும் ஒரே மாலையில் காட்டுங்கள். ஒன்றரை மணித்தியாலம் போதும். வாசிகசாலைச் சுவரில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, கீழ் முனைகளில் கல்லைக் கட்டிவிட்டால் காற்றுக்குப் படம் ஆடாது.

24 ஆம் அத்தியாயத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. கொனனும் அவன் நண்பன் ஜிம்சியும் கப்பல் தலைவன் டைஸும் ஏறிப் போராடும் அந்த இராட்சதப் போர்விமானத்தின் இரைச்சல், வன்னியில் கிபிர் போர்விமானச் சத்தத்துக்குப் பதுங்குகுழிக்குள் ஓடிய அம்மம்மாமாரின் நெஞ்சை உலுக்கக்கூடும் என்பதால், முன்கூட்டியே சொல்லி, ஒலியைக் குறைத்து, எழுந்து போக விரும்புவோருக்காக வாசலோரம் கதிரைகளைப் போடுங்கள்.

இன்டஸ்ட்ரியா நகரம் கடலில் மூழ்கும் அடுத்த அத்தியாயம் முடிந்ததும் சற்று நிறுத்துங்கள். கொனனின் தோழி லானாவின் தாத்தா ஏன் தப்பவில்லை என்று சின்னவர்கள் நிச்சயம் கேட்பார்கள், அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள்.

இறுதி அத்தியாயத்தை இடையில் நிறுத்தாதீர்கள். கொனன் பிறந்த தீவு கடலிலிருந்து உயர்ந்து பெருநிலமாய்த் தெரியும் காட்சிக்கு, இடம்பெயர்ந்து மீண்டும் தம் காணிக்குத் திரும்பியவர்களின் ஊரில் விளக்கம் வேண்டியதில்லை. தமிழில் கதை சொல்பவரும் அவ்வேளை பேசாமல் இருக்கட்டும்.