கூலிக்கு மருந்து விசிறுவோர் கவனிக்க வேண்டியவை

இலங்கையின் 1980 ஆம் ஆண்டு 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்படாத மருந்தை விற்பது குற்றமாகும். ஆகையால் சம்மாந்துறையிலோ வவுணதீவிலோ கூலிக்கு விசிறச் செல்பவர், வயற்காரர் தரும் போத்தலில் தமிழில் அச்சிட்ட லேபலும் பதிவிலக்கமும் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கலக்கும் நேரமே மிகவும் ஆபத்தானது, ஏனெனில் அப்போதுதான் செறிவான மருந்து கையில் படுகிறது. இரசாயனம் ஊறாத கையுறை, முகக்கவசம், நீளக்கைச் சட்டை ஆகியவற்றை அணிந்தே கலக்குங்கள். புழுக்கத்தைக் காரணம் காட்டிக் கையுறையைக் கழற்றுவதை என்னால் ஒருபோதும் ஏற்க முடியாது. அடைத்த நொசிலை வாயால் ஊதாதீர்கள்.

வெற்றுப் போத்தலை மூன்று தரம் அலசி, அந்த நீரைத் தெளிகருவியின் தாங்கியிலேயே ஊற்றிவிட்டுப் போத்தலைத் துளையிடுங்கள். வாய்க்காலில் கழுவினால் நஞ்சு வாவி வரைக்கும் போகக்கூடும். தலைசுற்றல், வாந்தி, மிகுந்த வியர்வை கண்டால் உடையைக் களைந்து, சவர்க்காரமிட்டுக் கழுவி, லேபலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.