உணவுக்குழாய் புற்றுநோய் அறுவைக்குப் பின் நிமோனியா: தடுப்பதும் சமாளிப்பதும்

புற்றுநோய் பாதித்த உணவுக்குழாயை அகற்றிவிட்டு, இரைப்பையைக் குழாய்போல் தைத்து மார்புக்குள்ளோ கழுத்துவரையிலோ மேலே இழுத்து இணைக்கும் அறுவை சிகிச்சை, வயிறு, மார்பு இரண்டையும் ஒருசேரத் தொடுகிறது. மார்பு வழியாகச் செய்யும்போது ஒரு பக்க நுரையீரலைச் சில மணி நேரம் காற்றில்லாமல் சுருங்க வைத்தால்தான் அறுவை மருத்துவருக்கு இடம் கிடைக்கும். விழித்தெழுந்த நோயாளி, விலாவின் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார், இருமலை அடக்குவார். இந்த அறுவைக்குப் பின் அதிகம் பார்க்கப்படும் சிக்கல்களில் நிமோனியா முன்வரிசையில் இருப்பதில் வியப்பில்லை.

வீட்டார் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்த நோயாளிக்கு வரும் நிமோனியாவை வெறும் கிருமித் தொற்றாக எண்ணி, ஆன்டிபயாட்டிக் போட்டால் முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. அது எந்த வழியாக உள்ளே வந்தது என்று தேட வேண்டும். முதல் வழி, விரியாத நுரையீரலில் தேங்கும் சளி. இரண்டாவது, புரையேறுவது. உணவுக்குழாயின் கீழ் முனையில் கதவாக இருந்த தசை அறுவையோடு போய்விடுகிறது. இரைப்பைக்குச் செல்லும் வேகஸ் நரம்புகளும் வெட்டப்படுவதால் அது மெதுவாகவே காலியாகும். ஆகவே படுத்தவுடன் உள்ளே இருப்பது எதுக்களித்துத் தொண்டைக்கு வந்து, அங்கிருந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிட முடியும். குரல்நாணை இயக்கும் நரம்பு அறுவையில் அடிபட்டிருந்தால், விழுங்கும்போது மூச்சுக்குழாய் சரியாக மூடாது. குரல் கரகரப்பாகவும் காற்றுப் போனது போலவும் இருந்தால் அதைச் சாதாரணத் தொண்டைக்கட்டு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். மூன்றாவதாக, இரைப்பையும் உணவுக்குழாயும் சேரும் தையலில் ஏற்படும் கசிவும் நிமோனியாவைப் போலவே காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக முகம் காட்டும்.

அறுவைக்கு முன்பே தொடங்க வேண்டியவை

நாள் குறித்த உடனே புகைப்பழக்கத்தை விட வேண்டும். குறைந்தது நான்கு வாரங்கள் இடைவெளி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் விடுவதே மேல். வாயில் இருக்கும் கிருமிகள்தாம் பின்னால் நுரையீரலுக்குள் இறங்குகின்றன என்பதால், சொத்தைப் பல்லையும் ஈறு வீக்கத்தையும் முன்கூட்டியே சரிசெய்துகொள்வதும், அறுவைக்குப் பின் வாயால் எதுவும் சாப்பிடாத நாட்களிலும்கூடப் பல் துலக்குவதும் சிறிய வேலைகளாகத் தோன்றினாலும் பயன் தருபவை. அறுவை முறையைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். 115 நோயாளிகளைக் கொண்டு ஐரோப்பாவில் நடத்தப்பட்டு 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், மார்பைத் திறந்து அறுவை செய்தவர்களில் 29 விழுக்காட்டினருக்கு முதல் இரண்டு வாரங்களில் நுரையீரல் தொற்று வந்தது. துளைகள் வழியாகச் செய்தவர்களில் அது 9 விழுக்காடு. எல்லாருக்கும் அந்த முறை ஒத்துவராது, ஆனால் கேட்பதில் தவறில்லை.

மூச்சுப் பயிற்சிக் கருவியான ஸ்பைரோமீட்டரையும் அறுவைக்கு முன்பே வாங்கிப் பழக வேண்டும். அதைக் கையில் கொடுத்தால் பலரும் பலூன் ஊதுவதைப் போல ஊதுகிறார்கள். ஊதுவதற்கானதல்ல அது, இழுப்பதற்கானது. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, குழலை உதடுகளால் இறுக்கிக் கவ்வி, பந்து மெல்ல உயரும்படி சீராக உள்ளிழுத்து, மூன்று முதல் ஐந்து விநாடி அடக்கி, பிறகு விட வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்குப் பத்து முறை என்பது வழக்கமான கணக்கு. தலை சுற்றினால் நடுவில் ஓய்வு கொடுக்கலாம்.

மருத்துவமனையில் முதல் பத்து நாட்கள்

இந்த நாட்களில் வலி நிவாரணம் சொகுசல்ல, சிகிச்சையின் பகுதி. வலி குறைந்தால்தான் மூச்சு ஆழமாகும், இருமல் வெளியே வரும். முதுகில் செருகிய எபிடியூரல் குழாய் வழியாகவோ வேறு வழியிலோ வரும் மருந்து போதவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளாமல் செவிலியரிடம் சொல்ல வேண்டும். பிசியோதெரபிஸ்ட் வரும் நேரத்துக்கு அரை மணி முன்னதாக மருந்து கிடைக்கும்படி கேட்டுக்கொள்ளலாம்.

சளியை வெளியேற்ற ஒரு முறையைக் கற்றுத் தருவார்கள். நோயாளியை நிமிர்ந்து உட்கார வைத்து, மடித்த துண்டையோ சிறு தலையணையையோ தையலின் மேல் வைத்து இரு கைகளாலும் அணைத்துக்கொள்ளச் செய்ய வேண்டும். நடுத்தர அளவு மூச்சை உள்ளிழுத்து, வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய வைப்பது போல ‘ஹா’ என்று இரண்டு மூன்று முறை வேகமாக வெளியேற்ற வேண்டும். சளி மேலே வந்து தொண்டையில் கரகரவென்று கேட்கும்; அப்போது ஒரே ஒரு இருமல் போதும். தொடக்கத்திலேயே பலமாக இருமினால் வலிதான் மிஞ்சும், சளி வராது.

படுக்கையின் தலைப்பக்கம் எப்போதும் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். அறுவைக்கு மறுநாளே நாற்காலியில் உட்கார வைத்து, குழாய்களை ஒருவர் பிடித்துக்கொள்ள நாலடி நடக்க வைப்பார்கள். ‘இப்போதுதானே அறுவை முடிந்தது’ என்று வீட்டார் பரிதாபப்பட்டுத் தடுப்பது அன்புதான், ஆனால் நுரையீரலுக்குக் கெடுதல்.

மூக்கு வழியாக இரைப்பைக்குள் சென்ற குழாய் தவறி வெளியே வந்துவிட்டால் யாரும், அனுபவமுள்ள செவிலியரேயானாலும், அதைத் திரும்ப உள்ளே தள்ளக் கூடாது. புதிய தையலை அது குத்திவிடலாம். அறுவைக் குழுவுக்குத் தகவல் சொல்லிக் காத்திருக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால்

காய்ச்சல், மூச்சு வாங்குதல், மஞ்சள் அல்லது பச்சை நிறச் சளி ஆகியவை எல்லாரும் அறிந்த அறிகுறிகள். அவற்றைவிட எளிதில் கவனம் தப்புபவை, திடீரென இதயத் துடிப்பு தாறுமாறாவதும், வயதானவர் நேரம் இடம் தெரியாமல் பேசத் தொடங்குவதும். காய்ச்சலே இல்லாமல் இவை மட்டும் வருவதும் உண்டு.

மருத்துவர்கள் இரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கையையும் மார்பு எக்ஸ்ரேவையும் பார்ப்பார்கள். சளியையும் இரத்தத்தையும் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்து இனம் காணும் சோதனைக்கு) அனுப்பிவிட்டு, முடிவுக்காகக் காத்திராமல் ஆன்டிபயாட்டிக் தொடங்குவார்கள். இரண்டு மூன்று நாட்களில் கல்ச்சர் முடிவு வந்ததும் மருந்தை அதற்கேற்ப மாற்றுவார்கள். மொத்தச் சிகிச்சை பெரும்பாலும் ஒரு வாரம். இடையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, ‘கசிவு இல்லை என்று பார்த்தாயிற்றா?’ என்பதே. சி.டி. ஸ்கேனும் தேவைப்பட்டால் வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியும் அதற்குப் பதில் சொல்லும். கசிவு இருந்தால் அதை வடிக்காமல் ஆன்டிபயாட்டிக்கை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது நாட்களை வீணாக்கும். சளிக்கட்டி மூச்சுக்குழாயை அடைத்திருந்தால் மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாயை விடும் பிராங்கோஸ்கோப்பி மூலம் உறிஞ்சி எடுப்பார்கள். நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்திருந்தால் குழாய் வைத்து வடிப்பார்கள். சிலர் சில நாட்கள் வென்டிலேட்டரில் இருக்க நேரிடலாம்.

வீடு திரும்பிய பின்

இனிச் சாப்பாடே நுரையீரலுக்கான காவல். சிறிது சிறிதாக நாளுக்கு ஆறு முதல் எட்டு வேளை, நன்கு மென்று, நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல், அரை மணி முன்போ பின்போ தனியாகக் குடிப்பது நல்லது. சாப்பிட்ட பின் ஒரு மணி நேரமாவது படுக்கக் கூடாது. இரவு உறங்கச் செல்வதற்கு மூன்று மணி முன்னதாகவே கடைசி வேளையை முடித்துவிட வேண்டும். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமல் வந்தாலோ, குடித்தபின் குரல் ஈரமாகக் கொழகொழப்பாகக் கேட்டாலோ, விழுங்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தாடையைத் தாழ்த்தி விழுங்குவது, நீர்மத்தைக் கெட்டியாக்கித் தருவது போன்றவற்றை அவர்தான் ஆளுக்கேற்பத் தீர்மானிக்க வேண்டும்.

தட்டையாகப் படுப்பதை வாழ்நாள் முழுவதும் மறந்துவிட வேண்டும். அதற்காகத் தலையணைகளை அடுக்கினால் கழுத்து மட்டும் மடங்கி வயிறு நசுங்கும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டைகள் வைப்பதோ, இடுப்பிலிருந்தே சாய்வாக உயரும் ஆப்பு வடிவ மெத்தையோதான் சரி. சிலருக்குச் சிறுகுடலில் பொருத்தும் குழாய் வழியாக உணவு ஓடும் இரவுகளிலும் இதே சாய்வு வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை நெஞ்செரிச்சலைத் தணிக்கும், எதுக்களிப்பை நிறுத்தாது. மாத்திரை போட்டாயிற்று என்று படுத்துவிடுவது நான் அடிக்கடி கேட்கும் தவறு.

இருமல் அடக்கும் சிரப்பைத் தானாக வாங்கிக் கொடுக்காதீர்கள், வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கையும் தொடாதீர்கள். வெப்பநிலை 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, ஓய்வில் இருக்கும்போதே நிமிடத்துக்கு 25-க்கு மேல் மூச்சு ஓடினாலோ, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 92-க்குக் கீழே காட்டினாலோ, புதிதாக மார்பு வலி வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் அந்தக் கருவி தவறாகக் காட்டும். விரலைச் சூடாக்கி மறுபடி பாருங்கள், ஆனால் நோயாளி திணறிக்கொண்டிருந்தால் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நிமோனியா குணமான பின்னும் சோர்வும் லேசான இருமலும் சில வாரங்கள் நீடிக்கும். இன்ஃப்ளூயன்ஸா, நியூமோகாக்கஸ் (நிமோனியாவை உண்டாக்கும் ஒரு பாக்டீரியா) தடுப்பூசிகளை எப்போது போடலாம் என்று, கீமோதெரபி நடந்துகொண்டிருந்தால் அதையும் சொல்லி, மருத்துவரிடம் கேளுங்கள்.

மேலும், ஒரு தாளை மடித்து நோயாளியின் பையில் எப்போதும் வைத்திருங்கள். அறுவை நடந்த நாள், செய்யப்பட்ட முறை, அறுவை மருத்துவரின் தொலைபேசி எண், ‘இரைப்பை மார்புக்குள் இருக்கிறது; எண்டோஸ்கோப்பி உதவியின்றி மூக்குக் குழாய் போட வேண்டாம்’ என்ற வரி ஆகியவை அதில் இருக்கட்டும். நள்ளிரவில் அவசரப் பிரிவில் எக்ஸ்ரேயைப் பார்க்கும் மருத்துவர், மார்புக்குள் காற்றும் நீருமாகத் தெரியும் அந்த இரைப்பையைச் சீழ்க்கட்டி என்று எண்ணிவிடாமல் இருக்க அந்த ஒரு வரி உதவும்.